சும்மா உட்கார்ந்தால் போதும்

சுகுணா நாற்பத்து நான்கு நாள் குதிரை மேலேயே இருந்தாள். இதைச் சொன்னால் வாயைப் பிளக்கிற ஆள் வடவள்ளியில் அந்தத் தெருவில் ஒருத்தரும் கிடையாது, ஏனென்றால் அவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தவர்கள், பார்த்து, பார்த்ததற்குப் பழகி, பழகின பிறகு வேலையும் வாங்கிக்கொண்டவர்கள்; அவளைக் கொண்டு தெருவிளக்குக்குப் பல்பு மாட்டினார்கள், முருங்கைக்காய் பறித்தார்கள், கேபிள் ஒயரில் சிக்கிய பட்டத்தை எடுத்தார்கள், எடுத்துவிட்டு, உனக்கென்ன சுகுணா, ராணி மாதிரி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எப்படி ஏறினாள் என்பதை மட்டும் முப்பத்தேழாம் நாள் வரைக்கும் யாரும் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் மோகனசுந்தரத்தைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருந்தார், பீடி சிகரெட் கிடையாது, ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு, யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்பார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழக்கம். சுகுணாவைப் பார்த்து யார் எதைக் கேட்டாலும் பதில் அவர் வாயிலிருந்து வந்துவிடும். டாக்டர் எங்கேம்மா வலிக்குது என்றால், இடுப்புலீங்க டாக்டர் என்பார் அவர். ஜவுளிக்கடையில் என்ன கலர் காட்டட்டும் என்றால், பச்சை வேண்டாம், அவளுக்கு ஆகாது என்பார் அவர். கல்யாணமான புதிதில் சுகுணாவுக்கு அது சுகமாகக்கூட இருந்தது, பேசுகிற பாடு மிச்சம் என்று நினைத்தாள், அப்புறம் பதினாறு வருஷம் பேசத் திறந்த வாயைப் பேசாமலே மூடி மூடி, இப்போதெல்லாம் அவளிடம் ஒரு கேள்வி வந்தால் அவள் கண் தானாகவே அவர் பக்கம் போய்விடும்.

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு குதிரைப் பண்ணை, சனி ஞாயிறு ரெண்டு நாள், குடும்பத்தோடு தங்கி வெஸ்டர்ன் ரைடிங் கற்றுக்கொள்ளலாம், குதிரையோடு பேசவும் கற்றுத்தருவார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்து மோகனசுந்தரம் மூன்று பேருக்கும் பெயர் கொடுத்தார். மகள் தாரிணிக்குப் பதிமூன்று வயது, அவள் துள்ளினாள். சுகுணாவை யாரும் கேட்கவில்லை. அவள் புளிச்சோறு கட்டினாள்.

பண்ணையை நடத்துகிறவர் செலஸ்டின் என்கிற முப்பத்தைந்து வயதுக்காரர். வெளிநாட்டில் மாட்டுப் பண்ணைகளில் குதிரை ஓட்டிப் பழகிவிட்டு ஊர் திரும்பியவர், அகலத் தொப்பி, மெல்லிய குரல். போய் இறங்கினதும் காபி கொடுத்தார். "அக்காவுக்குச் சக்கரை?" என்று கேட்டார். "அவளுக்கு ரெண்டு ஸ்பூன் போடுங்க தம்பி, தூக்கலா இருக்கோணும்" என்றார் மோகனசுந்தரம். சுகுணா பாதியைக் குடித்துவிட்டு மீதியை வேலியோரம் ஊற்றினாள்.

"அண்ணா, நம்ம ஊர்ல குதிரைய அதட்டி ஓட்டித்தான் பாத்திருப்பீங்க" என்று ஆரம்பித்தார் செலஸ்டின். "இது வேற. மாடு மேய்க்கறவங்க நாள் பூரா உக்காந்திருக்கறதுக்காக வந்த ஓட்டம். அதான் சேணம் நாற்காலி மாதிரி அகலமா இருக்கு, முன்னால ஒரு கொம்பு இருக்கு. லகானை ஒரே கையில பிடிக்கலாம். ஆனா முதல்ல பேச்சு. குதிரைக்கு உங்க உடம்பு பேசறது கேக்கும். அழுத்தினா நகரும், அழுத்தத்தை விட்டா நிக்கும். விடற நேரத்துலதான் அது பாடம் படிக்குது."

அந்தப் பண்ணையில் இன்னொரு முறையும் இருந்தது. ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் குதிரையின் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, தன் பெயரைச் சொல்லி, தனக்கு என்ன வேண்டும் என்பதையும் தன் வாயால் சொல்ல வேண்டும். குதிரை ஒரு காதை அவர் பக்கம் திருப்பும், கேட்டுக்கொள்ளும், காதை முன்பக்கமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும், அதற்கப்புறம்தான் சேணத்தில் தொங்குகிற அங்கவடியில் கால் வைக்கலாம். ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசக் கூடாது என்று செலஸ்டின் ரெண்டு தடவை சொன்னார். மோகனசுந்தரம் கணீரென்று தன் பெயரைச் சொல்லி, நல்லா ஓட்டிப் பழகணும் என்றார். தாரிணி அப்பா திரும்புவதற்குள் தன் குதிரையின் காதில் என்னவோ குசுகுசுத்துவிட்டாள். சுகுணாவுக்கு வந்தது செம்பா என்கிற செந்நிறப் பெண்குதிரை. அவள் கையை வைத்தாள், கழுத்து சுடச்சுட இருந்தது, செம்பாவின் காது திரும்பியது, சுகுணாவின் வாய் திறந்தது, சொல்ல ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. செலஸ்டின் அந்த நேரம் பார்த்து தாரிணி குதிரையின் வயிற்றுவாரை இறுக்கக் குனிந்திருந்தார்.

"இவ பேரு சுகுணா" என்று மோகனசுந்தரம் செம்பாவிடம் சொன்னார். "பயந்தாங்கொள்ளி. இவ சும்மா உக்காந்தா போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார், சுகுணாவும் சிரித்தாள், ஏறினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் இறங்கினார்கள். சுகுணாவால் முடியவில்லை. ஒட்டிக்கொண்ட மாதிரியும் இல்லை, கட்டிப்போட்ட மாதிரியும் இல்லை, வலியும் இல்லை. காலைத் தூக்கலாம் என்று நினைத்தால் நினைப்பு முழங்காலோடு நின்றுபோயிற்று, அதற்குக் கீழே இருந்த கால் செம்பாவுடையதாக இருந்தது. நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், வயிற்றுவாரை அறுக்கப் போன கத்தி தோலில் வழுக்கிக்கொண்டு போயிற்று. மோகனசுந்தரம் செம்பாவின் முகத்துக்கு நேரே கைகூப்பி, தாயி, இவள இறக்கி விட்டுரு என்று கேட்டார். அவர் கேட்கக் கேட்க அங்கவடி வார் ஒவ்வொரு துளையாக இறுகியதை சுகுணா பார்த்தாள், சொல்லவும் செய்தாள், ஆனால் அவர் அதற்குள் அடுத்த தடவை கேட்க ஆரம்பித்திருந்தார்.

திங்கள்கிழமை பட்டறையைத் திறக்க வேண்டும், தாரிணிக்குப் பள்ளிக்கூடம். அதனால் செலஸ்டினுடைய லாரியில் செம்பாவையும் செம்பாவின் மேல் சுகுணாவையும் ஏற்றி, பொள்ளாச்சி வழியாக வடவள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் டீக்கடையில் நின்றவர்கள் ஏதோ கட்சி ஊர்வலம் என்று நினைத்துக் கையசைத்தார்கள். சுகுணாவும் என்ன செய்வதென்று தெரியாமல் கையசைத்தாள்.

முதல் நாள் தெரு கூடியது. ரெண்டாம் நாள் யோசனை சொன்னது. மூன்றாம் நாள் கேட்கக் கூடாததைக் கேட்டது, அதாவது குளிக்க, கொள்ள என்ன செய்கிறாள் என்று. பக்கத்து வீட்டு ஷகிலா நாலு பழைய சேலையைக் கொல்லையில் சுற்றிக் கட்டி மறைப்பு செய்தாள், வழி பிறந்தது, அதற்கு மேல் நான் சொல்லுவதாக இல்லை. நாலாம் நாள் தெரு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. சுகுணா செம்பாவின் கழுத்தில் சாய்ந்து தூங்கினாள், நிமிர்ந்து விழித்தாள், தாரிணியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தாள், வாட்ச்மேன் செம்பாவுக்கு சல்யூட் அடித்தார். மளிகைக்கடைக்காரர் சாமானை எம்பி எம்பிக் கொடுப்பது சிரமம் என்று ஒரு பலகை போட்டு ஏறி நின்றுகொண்டார்.

வீட்டுக்குள் போக நிலைதான் இடித்தது. மோகனசுந்தரம் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் நிலையைப் பெயர்த்து ரெண்டடி உயர்த்தினார். பொண்டாட்டிக்காக வாசலையே இடித்த மனுஷன் என்று தெருவே மெச்சியது, தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்து ஒரு மாதிரி பேசினார்கள் பெண்கள். அடுத்த வாரம் அவர் சமையல் மேடையை உடைத்து உயர்த்தினார். குதிரை மேல் இருந்தபடி தோசை திருப்புகிற உயரத்துக்கு அடுப்பு ஏறியது, அதே உயரத்துக்குப் பாத்திரம் கழுவுகிற தொட்டி ஏறியது, மிக்ஸி ஏறியது, அஞ்சறைப்பெட்டி ஏறியது, துணிக்கொடி ஏறியது, சாமி படம்கூட ஏறியது. "இப்ப பாரு அம்மணி, உனக்கு ஒரு சிரமமும் இல்ல" என்றார் மோகனசுந்தரம். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

சுகுணா சிமெண்ட் காயாத அந்த மேடையைப் பார்த்தாள். இறங்குவாள் என்று நினைக்கிறவர்கள் பலகை போடுவார்கள், ஸ்டூல் போடுவார்கள், சிமெண்ட் போடமாட்டார்கள். இனிமேல் இந்த வீட்டில் அவள் இறங்குவதற்கென்று ஒரு இடமும் வைக்கப்படவில்லை என்பது புரிந்தபோது அவளுக்கு அழுகை வந்தது, செம்பாவின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், பெரியம்மா முறையில் ஒருத்தி வந்து அதைப் பார்த்துவிட்டு, என்ன பாசம் பாரு அந்த வாயில்லா ஜீவன் மேல என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தன் வாயால் கேட்கவில்லையா என்றால், கேட்டாள். தினமும் கேட்டாள். இறங்கணும் தாயி என்று சொல்லு என்று மோகனசுந்தரம் சொல்லிக்கொடுத்தார், சொன்னாள். மன்னிச்சுரு என்று சொல்லிப் பாரு என்றாள் ஷகிலா, சொன்னாள். ஜோசியர் எழுதிக்கொடுத்ததைச் சொன்னாள், கால்நடை டாக்டர் விசிலடிக்கச் சொன்னார், அடித்தாள். செம்பா அசையவில்லை. ஒரு காது மட்டும் பின்னால் சுகுணாவின் பக்கம் திரும்பியபடியே இருந்தது, ஈ உட்கார்ந்தாலும் அந்தக் காது ஆடவில்லை.

செலஸ்டின் ஞாயிறு தோறும் கொள்ளும் தீவனமும் கொண்டுவந்து செம்பாவின் காலை நீவிவிட்டுப் போவார். முப்பத்தேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் ஒவ்வொரு காலையும் ரெண்டு தடவை தடவிப் பார்த்தார். "நாலு காலும் வீங்கியிருக்குக்கா" என்றார். "இவ படுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சேணத்துக்கு அடியில புண் வந்திருக்கும். இன்னும் பத்து நாள் தாங்குவாளா தெரியல. விழுந்தா உங்களையும் சேத்துட்டுத்தான் விழுவா." அப்புறம் நிமிர்ந்து அந்தத் திரும்பின காதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஊரில் ஒருத்தரும் கேட்காததைக் கேட்டார். "அன்னைக்கு நீங்க இவகிட்ட என்னதான் கேட்டீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கலீங்க தம்பி. அவருதான் சொன்னாரு, சும்மா உக்காந்தா போதும்னு."

செலஸ்டின் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அப்ப இவ அதைத்தான் செஞ்சுட்டிருக்கா. உங்க பதில் இன்னும் வரல, காதைப் பாருங்க, அதுக்குத்தான் நிக்கறா. அன்னைக்கு இவ கழுத்துல கை வெச்சப்ப நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

சுகுணா யோசித்தாள். "ஞாபகம் இல்லையே தம்பி" என்றாள்.

அந்த ஒரு வாரம் அவள் தேடிய தேட்டத்தை என்னவென்று சொல்ல. எனக்கு என்ன வேண்டும், எனக்கு என்ன வேண்டும் என்று பருப்பு வேகிற நேரத்தில் தேடினாள், துணி காய்கிற நேரத்தில் தேடினாள். எனக்குப் பச்சைச் சேலை வேணும் என்று செம்பாவிடம் சொல்லிப் பார்த்தாள், காது அசையவில்லை. எனக்குத் தனியா பஸ்ல ஜன்னலோரம் போகணும் என்றாள், அசையவில்லை. அம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தூங்கணும், கார் ஓட்டணும், யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானம் வேணும், மழையில நனையணும், எதிர்த்துப் பேசணும் என்றெல்லாம் சொன்னாள். இத்தனை ஆசை தனக்குள் இருந்ததா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது, எல்லாம் நிஜம், ஒன்றுகூட அந்த வார்த்தை இல்லை. அவள் தொடைக்கு அடியில் செம்பாவின் முதுகு நடுங்க ஆரம்பித்திருந்தது. தான் மாட்டிக்கொண்டது போதாதென்று இந்த ஜீவனையும் மாட்டிவைத்திருக்கிறோமே என்று அவள் உருகிப்போனாள்.

சனிக்கிழமை மோகனசுந்தரத்துக்கு ஒரு யோசனை வந்தது. செம்பாவுக்கு முடியவில்லை, சுகுணாவால் முன்போல வேலை ஓடவில்லை, தாரிணி கூடமாட உதவலாம் என்றால் அடுப்பு எட்டவில்லை. அதனால் தாரிணிக்கும் ஒரு குதிரை. சின்னதாக, மட்டக்குதிரையாக. தெருவில் ரெண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தார், நல்ல யோசனைதானே என்றார்கள். பொம்பளைப் பிள்ளை, இப்பவே பழகிக்கட்டும் என்றார்கள். குதிரையில் இருந்தால் ஊர் சுற்றாது என்றும் ஒருத்தர் சொன்னார். யாருக்கும் அதில் ஒரு விநோதமும் படவில்லை, நாற்பத்து மூன்று நாளில் அவர்களுக்கு அது அவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது.

ஞாயிறு காலை கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒரு வெள்ளை மட்டக்குதிரையை, தலையில் மயிலிறகோடு, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தெரு கூடியது. செலஸ்டினும் வந்திருந்தார். "அண்ணா, இது வேண்டாம், அதுவும் அந்தப் பிள்ளைய நீங்க கேக்கவே இல்ல" என்றார். "குழந்தைக்கு என்ன தம்பி தெரியும்" என்று மோகனசுந்தரம் தாரிணியின் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, வெள்ளைக் குதிரையின் கழுத்தில் வைத்தார். முறைப்படி செய்யலாமே என்றுதான் செய்தார். குதிரையின் காது திரும்பியது. தாரிணி வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு அவள் கண் அப்பா பக்கம் போயிற்று.

அந்தக் கண் போன போக்கைத்தான் சுகுணா பார்த்தாள்.

"இவ பேரு தாரிணி" என்று ஆரம்பித்தார் மோகனசுந்தரம்.

அவளுக்கு வேண்டாம் என்று கத்தத்தான் சுகுணாவுக்கு முதலில் வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். அதுவும் இன்னொருத்தருக்காகச் சொல்வதுதான், அதற்கும் வார் இறுகும், இந்தப் பிள்ளையின் வாரும் சேர்ந்து இறுகும். விழுங்கினதற்கு அடியிலிருந்து, நாற்பத்து நான்கு நாளாக, இல்லை, அதற்கும் வெகு முன்னாலிருந்து கிடந்த ஒன்று கிளம்பி நாக்கு நுனிக்கு வந்தது. அவள் கையைச் செம்பாவின் கழுத்தில் வைத்தாள். வேண்டும் வேண்டும் என்று அல்லவா இத்தனை நாள் தேடினோம், அதனால்தான் கிடைக்கவில்லை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என் பேரு சுகுணா" என்றாள். தெருவே திரும்பிப் பார்த்தது. "எனக்கு வேண்டாம். அன்னைக்கே எனக்கு இதுல ஏற வேண்டாம்னுதான் இருந்தது. எனக்கு வேண்டாம்."

செம்பா காதை எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது, இடி இல்லை, மின்னல் இல்லை. அங்கவடி வார் தொளதொளத்துத் தொங்கியது. சுகுணா வலது காலைத் தூக்கினாள், அது வந்தது, பின்பக்கமாகக் கொண்டுவந்து இறங்கினாள், தரை அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது, முழங்கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் வேண்டாம்ப்பா" என்றாள் தாரிணி. சன்னமாகத்தான் சொன்னாள், ஆனால் கண்ணை அப்பா பக்கம் போகவிடாமல் குதிரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வெள்ளைக் குதிரை காதை எடுத்துக்கொண்டது. மோகனசுந்தரம் பிடித்திருந்த கையை விட்டார்.

செலஸ்டின் ஓடிப்போய் வயிற்றுவாரை அவிழ்த்து சேணத்தை இறக்கினார். முதுகில் உள்ளங்கையகலத்துக்கு ரெண்டு புண். செம்பா நாலடி நடந்து, வீடு கட்டக் கொட்டியிருந்த எதிர்வீட்டு மணல்மேட்டைப் பார்த்து, முன்காலை மடக்கி, பின்காலை மடக்கி, பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்தது. படுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. தெரு அதை வேடிக்கை பார்த்தது, அப்புறம் சுகுணாவைப் பார்த்தது, இத்தனை குள்ளமாகவா இருந்தாள் இவள் என்று ஷகிலாவே கேட்டாள்.

மோகனசுந்தரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் நின்றார், அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. தெரியாதபோது மனுஷன் பழக்கத்துக்குத்தானே போவான். "சரி சரி, எல்லாரும் உள்ள வாங்க, உக்காருங்க" என்றார். "சுகுணா காபி போடுவா."

சுகுணா சுவரைப் பிடித்து எழுந்து, உயர்த்தின வாசல் வழியாக உள்ளே போய், சமையல்கட்டில் நின்றாள். அடுப்பு அவள் நெற்றிக்கு மேலே இருந்தது. கையை உயர்த்திப் பார்த்தாள். மேடையின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது, உள்ளே தள்ளியிருந்த அடுப்பின் திருகு தட்டுப்படவில்லை.

"ஏனுங்க, எனக்கு எட்டலீங்க" என்றாள்.

மோகனசுந்தரம் வந்தார். மேடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் மேடையைப் பார்த்தார். அது அவர் தோள் உயரத்துக்கு இருந்தது. தொட்டியும், மிக்ஸியும், அஞ்சறைப்பெட்டியும் அவர் கைக்கு வாகாக இருந்தன, அந்த வீட்டில் வேறு யார் கைக்கும் இல்லை. வாசலில் எட்டுப் பேர் காபிக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டார், அடுப்பைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று. சுகுணா தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் கொடுத்து, ரெண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். கால் மரத்துப்போயிருந்தது, அது அவளுடைய காலாக இருந்தது.

"சக்கரை எங்க இருக்கு?" என்று மேலிருந்து கேட்டார்.

"எனக்குச் சக்கரை வேண்டாம்" என்றாள் சுகுணா.

அவர் ஸ்பூனோடு திரும்பிக் கீழே பார்த்தார். "நீ ரெண்டு ஸ்பூன் போட்டுத்தானே குடிப்ப?"

"அது நீங்க சொன்னதுங்க."

அவர் ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றார். பின்னால் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது, அங்கே எட்டித் துடைக்க அவரை விட்டால் ஆள் இல்லை.